எந்த ஹதீஸ் எதற்குப் போதும்? நான்கு வழிகளும் என் தேர்வும்

நபியவர்களின் சொல்லையோ செயலையோ அறிவிக்கும் ஒரு ஹதீஸ் நம் முன் வருகிறது. அதை வைத்து மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்யப் போகிறோம். இறைவனைப் பற்றியோ மறுமையைப் பற்றியோ ஒன்றை நம்பப் போகிறோம். அல்லது நம் தொழுகையிலோ நோன்பிலோ வணிகத்திலோ ஒன்றை மாற்றிக்கொள்ளப் போகிறோம். அல்லது அதையே சட்டமாக்கி இன்னொருவர் மீது சுமத்தப் போகிறோம். இந்த மூன்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் போதுமா? 'இது ஸஹீஹா, அதாவது நம்பகமான அறிவிப்பா?' என்று கேட்டு, ஆம் என்ற பதில் வந்ததும் பேச்சை முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. முற்கால இமாம்கள் அத்துடன் நிற்கவில்லை. ஸஹீஹ் என்று ஒப்புக்கொண்ட பிறகும், 'எதற்குப் போதுமான ஸஹீஹ்?' என்று அடுத்த கேள்வியையும் கேட்டார்கள்.

விடை தேடுகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. குர்ஆன் மட்டுமே மார்க்க ஆதாரம் என்பது ஒன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஸஹீஹ் என்று தீர்ப்பளித்த எதுவும் நம்பிக்கைக்கும் சட்டத்திற்கும் ஒன்றுபோலப் போதும் என்பது இரண்டாவது. அறிவிப்பின் பலத்தையும் அது பயன்படப்போகும் இடத்தையும் சேர்த்து எடைபோடும் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) இமாம்களின் வழி மூன்றாவது. ஹதீஸை வரலாற்றுச் சான்றாக மட்டும் பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வு நான்காவது. என் மனம் மூன்றாவதன் பக்கம் நிற்கிறது. மற்ற மூன்றிலும் உள்ள நியாயங்களுக்கு அதில் இடம் இருக்கிறது.

குர்ஆன் மட்டும் என்பவர்கள்

இந்தக் கருத்து நேற்று முளைத்தது அன்று. 820இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ, ஹதீஸ்களை அடியோடு மறுத்தவர்களோடு தாம் நடத்திய விவாதத்தை எழுதிவைத்திருக்கிறார். நவீன காலத்தில் 1906இல் எகிப்தின் 'அல்மனார்' இதழில் மருத்துவர் முஹம்மது தவ்ஃபீக் சித்கீ, இஸ்லாம் என்பது குர்ஆன் மட்டுமே என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். பஞ்சாபில் தோன்றிய அஹ்லுல் குர்ஆன் இயக்கமும், அதன்பின் குலாம் அஹ்மத் பர்வேஸின் எழுத்துகளும் இதே திசையில் சென்றன.

இவர்களை எள்ளி நகையாடுவது எளிது; நான் அதைச் செய்ய மாட்டேன். நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம்தான் இவர்களில் பலரை இந்த இடத்திற்குக் கொண்டுவந்தது. அந்த அச்சம் நபித்தோழர்களுக்கும் இருந்தது. 'இந்த வேதத்தில் நாம் எதையும் விட்டுவிடவில்லை' என்ற 6:38 வசனத்தை இவர்கள் காட்டுகிறார்கள். நபியவர்கள் 632இல் மறைந்தார்கள், புகழ்பெற்ற ஹதீஸ் தொகுப்பைத் தந்த இமாம் புகாரீ 870இல் மறைந்தார், இடையில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் போய்விட்டதே என்று கேட்கிறார்கள்.

இடைவெளி பற்றிய கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. புகாரீதான் முதலில் எழுதினார் என்பது தவறான எண்ணம். 795இல் மறைந்த இமாம் மாலிக்கின் முவத்தா என்ற தொகுப்பு கையில் இருக்கிறது. 827இல் மறைந்த அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்ற தொகுப்பு இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் எழுதிவைத்த, சுமார் 138 ஹதீஸ்கள் கொண்ட ஏட்டை, டமாஸ்கஸிலும் பெர்லினிலும் இருந்த கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டு டாக்டர் ஹமீதுல்லாஹ் பதிப்பித்தார். நபியவர்களுக்கும் புகாரீக்கும் நடுவே வெறும் வாய்வார்த்தை மட்டும் இருந்தது என்று இனிச் சொல்ல முடியாது.

இந்த வழியின் பெரிய சிக்கல் குர்ஆனுக்குள்ளேயே இருக்கிறது. கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் திசை, மாற்றப்பட்டதைப் பேசும் 2:143 வசனம், முன்பு நோக்கிய கிப்லாவையும் தானே ஏற்படுத்தியதாக இறைவன் கூறுவதாக அமைந்திருக்கிறது. ஜெரூசலத்தை நோக்கித் தொழும்படி கட்டளையிடும் வசனமோ குர்ஆனில் எங்கும் இல்லை. அப்படியானால் குர்ஆனுக்கு வெளியிலும் நபியவர்களுக்கு வழிகாட்டல் வந்திருக்கிறது. மக்கள் அதைப் பின்பற்றியிருக்கிறார்கள். மக்களுக்கு அருளப்பட்டதை அவர்களுக்கு நீர் விளக்குவதற்காக என்று 16:44 சொல்லும்போது, அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டு வேதத்தை மட்டும் வைத்துக்கொள்வது வேதத்தின் விருப்பத்துக்கே மாறாகிவிடுகிறது.

'ஹதீஸ் இல்லாமல் எப்படித் தொழுவாய்?' என்று இவர்களை மடக்குவோர் உண்டு. கேள்வி நியாயமானது. ஒவ்வொரு தொழுகையிலும் எத்தனை ரக்அத்துகள் (நின்று, குனிந்து, சிரம்பணியும் சுற்றுகள்) என்ற எண்ணிக்கை குர்ஆனில் இல்லை. ஹதீஸை விட்டவர்கள் நாளைக்கு எத்தனை வேளைத் தொழுகை என்பதிலேயே தங்களுக்குள் பிரிந்துபோனார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகாரீ பிறப்பதற்கு முன்பே கோடிக்கணக்கான தொழுகைகள் நடந்துமுடிந்துவிட்டன. ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்கு இரண்டு, மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு மூன்று என்பதை ஒரு நூலின் ஒரு பக்கம் நமக்குத் தரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சமுதாயமே நின்று தொழுது கைமாற்றியது. நூலில் பதிந்த ஒற்றை அறிவிப்பும், ஊரே செய்துவந்த செயலும் ஒரே எடை கொண்டவை அல்ல. இரு தரப்பும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவதால்தான் இந்த விவாதம் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஸஹீஹ் என்றால் போதும் என்பவர்கள்

இந்த வழியின் பலத்தை உணர, ஹதீஸ் கலை எந்தச் சூழலில் உருவானது என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் யாரும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டதில்லை, குழப்பம் வெடித்த பிறகுதான் 'உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்கத் தொடங்கினார்கள் என்று 729இல் மறைந்த இப்னு சீரீன் கூறியதை இமாம் முஸ்லிம் தம் ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிந்திருக்கிறார். கேட்க வேண்டிய கட்டாயம் இருந்தது. கலீஃபா மஹ்தீக்குப் புறா வளர்ப்பில் ஆசை. கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர் அவரிடம் வந்து, அம்பு, ஒட்டகம், குதிரை ஆகியவற்றில் மட்டுமே பந்தயம் உண்டு என்ற நபிமொழியைச் சொல்லி, 'அல்லது சிறகுள்ளதில்' என்று தாமாகவே ஒரு சொல்லைச் சேர்த்தார். கலீஃபா பரிசு கொடுத்தனுப்பினார். அவர் திரும்பி நடந்தபோது, 'இது பொய்யனின் பிடரி' என்று சொல்லிப் புறாக்களை அறுத்துவிட உத்தரவிட்டார். பொய் என்று தெரிந்தும் பரிசு கிடைத்த சபை அது. அத்தகைய காலத்தில் ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் பிறப்பு, பயணம், நினைவாற்றல், நேர்மை, கடைசிக் காலத்து மறதி வரை விசாரித்து எழுதிவைத்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அதைத் தூக்கி எறிகிறவர் தாம் எதை எறிகிறோம் என்று ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

தனி ஒருவரின் அறிவிப்பு நம்பிக்கைக்கும் போதும் என்பதற்கு இவர்கள் வைக்கும் சான்றுகளும் இலேசானவை அல்ல. குபாவில் ஃபஜ்ர் தொழுதுகொண்டிருந்தவர்களிடம் ஒரே ஒருவர் வந்து கிப்லா மாறிவிட்டது என்றார். தொழுகையிலேயே திரும்பி நின்றார்கள். இந்த நிகழ்ச்சியை இமாம் ஷாஃபிஈ தம் வாதத்தின் தூண்களில் ஒன்றாக வைக்கிறார். முஆத் (ரலி) யமனுக்கு அனுப்பப்பட்டபோது முதலில் கற்பிக்க வேண்டியது ஏகத்துவம் என்றுதான் கட்டளை. அகீதாவை, அதாவது நம்பிக்கையின் அடிப்படைகளை, கற்பிக்க ஒரு மனிதர் போதுமானவராக இருந்திருக்கிறார். 1064இல் மறைந்த இப்னு ஹஸ்ம், நம்பகமானவர்கள் வழியாக வந்த தனி அறிவிப்பு உறுதியான அறிவையே தரும் என்ற எல்லை வரை சென்றார்.

ஆனால் ஸஹீஹ் என்ற தீர்ப்பு எவ்வளவு உறுதி தருகிறது என்று அந்தக் கலையின் தலைசிறந்தவர்களையே கேட்போம். 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் தம் முன்னுரை நூலில், ஒரு ஹதீஸை ஸஹீஹ் என்று சொல்லும்போது அது உண்மையில் நடந்தேதான் இருக்க வேண்டும் என்று அறுதியிடுவது அதற்கு நிபந்தனை ஆகாது என்கிறார்; தொடர் அறுபடாமல், நேர்மையும் நினைவாற்றலும் உள்ளவர்கள் வழியாக, முரணும் மறைவான குறையும் இன்றி வந்திருக்கிறது என்பதே பொருள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றவற்றுக்கு மட்டும் உறுதியான அறிவு என்ற சிறப்பை அவர் கொடுத்தார். அதையும் இமாம் நவவீ ஏற்கவில்லை. பொய்யில் ஒன்றுசேர முடியாத அளவுக்குப் பலர் அறிவித்த பலவழி அறிவிப்பாக இல்லாதவரை அவையும் வலுவான எண்ணத்தையே தரும் என்பதுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து என்று எழுதினார். சுன்னத் ஜமாஅத்தின் நடு மையத்தில் நடந்த கருத்து வேறுபாடு இது. 995இல் மறைந்த தாரகுத்னீயும் அந்த இரு நூல்களில் சுமார் 200 அறிவிப்புகளின் தொடர்களில் குறை கண்டார். அவற்றில் புகாரீயில் உள்ளவற்றுக்கு இப்னு ஹஜர் விரிவாகப் பதில் எழுதினார். குறை சொன்னவரையும் யாரும் மார்க்கத்தை விட்டு வெளியேற்றவில்லை.

ஒரே ஒரு ஹதீஸை அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அல்லாஹ் மண்ணைச் சனிக்கிழமை படைத்தான், மலைகளை ஞாயிறன்று, மரங்களைத் திங்களன்று என்று தொடங்கி, வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆதமைப் படைத்தான் என்று முடியும் ஒரு ஹதீஸ், அபூஹுரைரா (ரலி) வழியாக முஸ்லிமில் இருக்கிறது. மொத்தம் ஏழு நாட்கள். குர்ஆன் பல இடங்களில் வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் என்று சொல்கிறது. இமாம் புகாரீ தம் அறிவிப்பாளர் வரலாற்று நூலில், இதை அபூஹுரைரா அவர்கள் கஅபுல் அஹ்பாரிடமிருந்து கேட்டதாகச் சிலர் அறிவிக்கிறார்கள், அதுவே சரியானது என்று குறித்துவிட்டார். யூத மரபிலிருந்து வந்த ஒருவர் சொன்னது, இடையில் எங்கோ நபிமொழியாக மாறிவிட்டது என்பது இதன் பொருள். இப்னு தைமிய்யாவும் இப்னு கஸீரும் இந்தத் திசையிலேயே சென்றார்கள். கடந்த நூற்றாண்டில் அல்பானீ இந்த ஹதீஸைத் தாங்கிப் பேசினார். ஏழு நாட்களையும் ஆறு நாட்களையும் பொருத்திக் காட்ட முயன்றார். எனக்கு புகாரீயின் தீர்ப்பே நிறைவாகத் தோன்றுகிறது. எது எப்படியாயினும், ஸஹீஹ் நூலில் இருப்பதாலேயே பேச்சு முடிந்துவிட்டது என்று மாபெரும் ஹதீஸ் அறிஞர்களே கருதவில்லை என்பது இங்கே கண்முன்னே தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டையும் சொல்லிவிடுவது நேர்மை. 'செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே' என்ற, புகாரீயின் முதல் ஹதீஸ், மேலிருந்து பார்த்தால் ஒற்றை இழை. உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மது இப்னு இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா இப்னு சயீத் அல்அன்சாரீ. அதன்பிறகுதான் நூற்றுக்கணக்கானவர்களிடம் பரவுகிறது. ஒற்றை இழை என்பதற்காக எவரும் இதை ஒதுக்கவில்லை. குர்ஆன் முழுவதும் பேசும் மனத்தூய்மையைத்தான் இதுவும் பேசுகிறது. தொடர் ஒன்றுபோல இருந்தும் சனிக்கிழமை ஹதீஸ் தடுக்கப்பட்டது, இது ஏற்கப்பட்டது. தொடருக்கு அப்பாலும் ஒரு தராசு வேலை செய்திருக்கிறது.

இமாம்கள் எடைபோட்ட விதம்

அந்தத் தராசு நபித்தோழர்கள் காலத்திலேயே இருந்தது. குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று உமர் (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோர் அறிவித்தபோது, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற வசனமே உங்களுக்குப் போதும் என்று ஆயிஷா (ரலி) மறுத்தார்கள். அறிவித்தவர்கள் பொய்யர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. செவி தவறியிருக்கலாம் என்றார்கள். புகாரீயே அந்தப் பாடத்தின் தலைப்பில், ஒப்பாரி வைப்பது இறந்தவரின் வழக்கமாக இருந்திருந்தால் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து இரண்டையும் இணைக்க முயல்கிறார். ஆயிஷா (ரலி) இப்படித் திருத்திய இடங்களை மட்டும் திரட்டி, 1392இல் மறைந்த ஸர்கஷீ ஒரு தனி நூலே எழுதினார்.

இப்போது கூஃபாவின் பெரிய பள்ளிவாசலுக்கு வருவோம். நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையான தாபிஈகளில் ஒருவரான ஷஅபீ என்ற அறிஞர், ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸைச் சொல்கிறார்: கணவர் மூன்று தலாக்கும் சொல்லிவிட்ட பிறகு தமக்குச் செலவுத் தொகையோ தங்குமிடமோ இல்லை என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். பக்கத்தில் இருந்த அல்அஸ்வத் ஒரு பிடி கூழாங்கற்களை அள்ளி அவர் மீது எறிந்து, 'இதையா அறிவிக்கிறீர்?' என்கிறார். பிறகு உமர் (ரலி) சொன்னதை நினைவூட்டுகிறார். மனனம் செய்தாரோ மறந்துவிட்டாரோ என்று நமக்குத் தெரியாத ஒரு பெண்ணின் சொல்லுக்காக இறைவேதத்தையும் நபியின் சுன்னாவையும் (வழிமுறையையும்) விட மாட்டோம். அவளுக்குத் தங்குமிடமும் உண்டு, செலவும் உண்டு. இது முழுவதும் ஸஹீஹ் முஸ்லிமிலேயே பதிவாகியிருக்கிறது.

ஃபாத்திமாவும் வாயடைத்துப் போகவில்லை. மதீனாவின் ஆளுநர் மர்வான் தம் அறிவிப்பை ஏற்க மறுத்தபோது, நமக்கிடையே குர்ஆன் இருக்கிறது என்றார்கள். மணவிலக்குக்குப் பின் காத்திருக்கும் காலமான இத்தாவில் பெண்களை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள் என்ற 65:1 வசனம், 'அதன்பின் அல்லாஹ் ஏதேனும் ஒரு மாற்றத்தை உண்டாக்கக்கூடும்' என்று முடிகிறது. மீட்டுக்கொள்ளும் வாய்ப்பு உள்ள தலாக்கைத்தானே அது பேசுகிறது, மூன்றுக்குப் பிறகு என்ன மாற்றம் வரப்போகிறது என்று கேட்டார்கள். உமரும் குர்ஆனைக் காட்டினார், ஃபாத்திமாவும் அதே சூராவைக் காட்டினார். 'குர்ஆனுக்கு முரண்' என்று சொல்லி ஒரு ஹதீஸைத் தள்ளுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். முரண் எதுவென்று தீர்மானிப்பதும் நம் புரிதல்தான். அதிலும் தவறு நேரலாம்.

முடிவில், மத்ஹபுகள் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகளில் ஹனஃபிகள் உமரோடு நின்று செலவும் தங்குமிடமும் தந்தார்கள். மாலிகிகளும் ஷாஃபிஈகளும் தங்குமிடம் மட்டும் தந்து, கர்ப்பிணியாக இருந்தால் செலவும் உண்டு என்றார்கள். ஹன்பலிகள் ஃபாத்திமாவின் ஹதீஸை அப்படியே எடுத்தார்கள். ஒரே ஹதீஸ், ஸஹீஹ் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மணவிலக்குப் பெற்ற ஒரு பெண் இரவு எந்தக் கூரையின் கீழ் தூங்குவாள், அவள் செலவை யார் ஏற்பார் என்பதற்கு மூன்று பதில்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆதாரம் இருக்கிறது, அதை எடைபோட்ட ஒரு முறை இருக்கிறது.

இமாம் மாலிக்கின் எடுத்துக்காட்டு இன்னும் துணிச்சலானது. விற்பவரும் வாங்குபவரும் பிரிந்து செல்லும்வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்ற ஹதீஸை அவர் நாஃபிஉ வழியாக இப்னு உமரிடமிருந்து தம் முவத்தாவிலேயே பதிகிறார். ஹதீஸ் கலையினர் தங்கத் தொடர் என்று போற்றும் அதே வரிசை. பதிந்துவிட்டு, இதற்கு நம்மிடம் அறியப்பட்ட வரையறையும் இல்லை, இதன்படி நடைமுறையும் இல்லை என்று எழுதுகிறார். மதீனாவின் தொடர்ந்த நடைமுறை, ஒரு தனி அறிவிப்பைவிடக் கனமானது என்பது அவருடைய நிலை. சமகாலத்து மதீனா அறிஞர் இப்னு அபீ திஅப் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். ஷாஃபிஈயும் அஹ்மதும் ஹதீஸின்படியே சட்டம் சொன்னார்கள். எகிப்தின் லைஸ் இப்னு சஅத், நபித்தோழர்கள் பல நாடுகளுக்கும் பரவிவிட்டார்களே, மதீனாவின் நடைமுறை மட்டும் எப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று மாலிக்குக்கே கடிதம் எழுதினார்.

இந்த இடத்தில் என் மனம் லைஸின் பக்கம் சாய்கிறது. அந்த ஹதீஸை அறிவித்த இப்னு உமர் (ரலி) பிடித்தமான ஒன்றை வாங்கினால், வியாபாரம் உறுதிப்படுவதற்காக எழுந்து சற்று நடந்துவிட்டு வருவார்கள் என்ற செய்தியும் இருக்கிறது. அறிவித்தவரே அதன் வெளிப்படையான பொருளில் நடந்திருக்கிறார்கள். மாலிக்கின் முடிவை ஏற்காமலேயே அவருடைய முறையை ஏற்க முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஹனஃபிகளின் நிபந்தனைகளும் இதே மரத்தின் கிளைகள். எல்லாருக்கும் அன்றாடம் தேவைப்படும் ஒரு விஷயத்தைப் பலர் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் அறிவித்தால் அவர்கள் தயங்குவார்கள். இந்த வழியின் அபாயத்தையும் மறைக்கக் கூடாது. நிபந்தனைகள் பெருகப் பெருக, பிடிக்காத ஹதீஸைத் தள்ளிவிட ஏதாவது ஒரு விதி எப்போதும் கைக்கெட்டும். மத்ஹபுகளின் பிற்கால நூல்களில் முடிவு முன்னதாகவும் காரணம் பின்னதாகவும் வந்த இடங்கள் உண்டு. ஹதீஸ் ஸஹீஹாகிவிட்டால் அதுவே என் மத்ஹப் என்று ஷாஃபிஈ சொன்னதை இந்த நோய்க்கு மருந்தாகவே நான் பார்க்கிறேன்.

ஷீஆக்களிடமும் இதே பிளவு வேறு பெயரில் நடந்தது. 941இல் மறைந்த குலைனீயின் காஃபீ உள்ளிட்ட நான்கு நூல்களையும் முழுதாக நம்பலாம் என்று அக்பாரிகள் கூறினார்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்று உஸூலிகள் வாதிட்டு வென்றார்கள்.

பல்கலைக்கழக ஆய்வு

நான்காவது வழியை நான் சுருக்கமாகவே பேசப் போகிறேன். அது இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வியைக் கேட்பதே இல்லை. 1889-90இல் கோல்ட்ஸீஹர், ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்கால அரசியல், மார்க்கச் சர்ச்சைகளின் எதிரொலி என்றார். 1950இல் ஷாக்த், சட்ட ஹதீஸ்களின் தொடர்கள் காலப்போக்கில் பின்னோக்கி நீட்டப்பட்டவை என்று வாதிட்டார். பல தொடர்கள் ஒரே அறிவிப்பாளரிடம் வந்து குவிந்தால், அவரிடமிருந்துதான் அந்தச் செய்தி புறப்பட்டது என்பது இவர்களின் ஊகம். அப்படிப் பார்த்தால் எண்ணம் பற்றிய ஹதீஸ் யஹ்யா இப்னு சயீதோடு நின்றுவிடும். ஹதீஸ் அறிஞர்களோ அதே யஹ்யாவைப் பார்த்து, நம்பகமானவர் தனித்து அறிவித்தார் என்கிறார்கள். கண்முன் இருக்கும் தகவல் ஒன்றுதான், வாசிப்பு இரண்டு.

பிறகு ஹரால்ட் மோட்ஸ்கி, அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃபை நுணுகி ஆராய்ந்து, அதிலுள்ள பல செய்திகளை முதல் நூற்றாண்டுக்கே கொண்டுபோக முடியும் என்று காட்டினார். ஆசிரியர் ஒருவர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றும், தம் குருவின் கருத்தோடு தமக்கு உடன்பாடில்லை என்றும் பதிந்திருப்பது பொய் புனைபவரின் போக்குக்குப் பொருந்தவில்லை என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. இந்த ஆய்வுகளை முஸ்லிம்கள் படிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரு செய்தி எந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தது என்று அவை சொல்லும். அதன்படி நான் வாழலாமா என்று சொல்லும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை.

என் தேர்வு

நம்பிக்கையில் இரண்டு தளங்கள் உண்டு. மறுத்தால் ஒருவர் முஸ்லிமாகவே இருக்க முடியாது என்று சொல்லும் அளவுக்கான அடிப்படைகள் குர்ஆனிலிருந்தும் பலவழி அறிவிப்பிலிருந்தும் மட்டுமே வர வேண்டும். 'என் மீது வேண்டுமென்றே பொய் சொன்னவர் நரகில் தம் இடத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளட்டும்' என்பது அறுபதுக்கும் மேற்பட்ட நபித்தோழர்கள் வழியாக வந்திருக்கிறது. அந்த வகைப் பலம். மறைவான உலகைப் பற்றிய மற்ற விவரங்களைத் தனி அறிவிப்பாக இருந்தாலும் ஸஹீஹானால் நான் ஏற்கிறேன். ஏற்காதவரை வழிகேடர் என்று அழைக்க மாட்டேன். இறுதிக் காலத்தில் வருவார் எனப்படும் வழிகாட்டியான மஹ்தீயின் வருகை பற்றிய ஹதீஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். அபூதாவூதும் திர்மிதீயும் பதிந்திருக்கிறார்கள். மஹ்தீ என்ற பெயரோடு புகாரீயிலும் முஸ்லிமிலும் எதுவும் இல்லை. பல அறிஞர்கள் அவற்றின் மொத்தக் கருத்து பலவழிகளில் உறுதிப்பட்டது என்கிறார்கள். இப்னு கல்தூன் அவற்றின் தொடர்களை ஒவ்வொன்றாக விமர்சித்தார். இரு தரப்புக்கும் ஸஃபில் (தொழுகை வரிசையில்) இடம் இருக்க வேண்டும்.

என் சொந்த வணக்கத்திற்கும் நடத்தைக்கும் ஸஹீஹான, அதற்கு ஒருபடி கீழான ஹஸனான தனி அறிவிப்பு தாராளமாகப் போதும். அதில் ஃபிக்ஹ் அறிஞர்கள் கண்ட பொருளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சிறப்புகளைச் சொல்லும் பலவீனமான ஹதீஸ்களுக்கு இப்னு ஹஜர் வைத்த வரம்புகளே எனக்குப் போதும்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே நிலைபெற்ற ஓர் அடிப்படையின் கீழ் அது வர வேண்டும், நபியவர்கள் நிச்சயமாகச் சொன்னார்கள் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. 'சீனாவுக்குச் சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்' என்பதை இப்னு ஹிப்பான் அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்தார். கருத்து நல்லதாக இருக்கிறதே என்று நபியவர்களின் பெயரை ஒட்டிவிட நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. ஒரு ஹதீஸை வைத்து இன்னொரு மனிதரின் உயிரை எடுக்கலாம் என்று சொல்லும்போது, ஸஹீஹ் என்ற ஒரு சொல்லோடு கையைக் கழுவிக்கொள்ள முடியாது. 'தன் மார்க்கத்தை மாற்றியவரைக் கொல்லுங்கள்' என்ற அறிவிப்பு, இப்னு அப்பாஸிடமிருந்து இக்ரிமா வழியாக புகாரீயில் இருக்கிறது. இக்ரிமாவைப் புகாரீ நம்பினார். முஸ்லிமோ அவரைத் தனித்து ஆதாரமாக எடுக்கவில்லை. இதற்குத் துணையாக வேறு ஹதீஸ்கள் இருப்பதும், நான்கு மத்ஹபுகளும் இந்தத் தண்டனையைச் சட்டமாக எழுதியதும் உண்மை. அதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. ஆனால் துணை ஹதீஸ்களில் ஒன்று, 'மார்க்கத்தை விட்டு, சமூகத்தைப் பிரிந்து சென்றவர்' என்கிறது. இப்ராஹீம் அந்நகஈ, அவரிடம் திருந்தும்படி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். 952இல் மறைந்த ஹனஃபி அறிஞர் கர்கீ, தனி அறிவிப்பைக் கொண்டு ஹத்து என்னும் வரையறுக்கப்பட்ட தண்டனையை நிறுவ முடியாது என்றார். பின்னர் எகிப்தின் அல்அஸ்ஹர் கல்விநிலையத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத்தும், மார்க்கம் மாறியவர் பற்றிய இந்தச் சட்டத்தைப் பேசும்போது அதே கருத்தை நினைவூட்டினார்.

சந்தேகம் இருந்தால் தண்டனையைத் தடுத்துவிடுங்கள் என்று நான்கு மத்ஹபுகளின் ஃபகீஹுகளும் (சட்ட அறிஞர்களும்) கையாளும் விதியையும் இங்கே பார்க்க வேண்டும். நபிமொழியாக அதை அறிவிக்கும் திர்மிதீயின் தொடர் பலவீனமானது. நபித்தோழரின் கூற்றாக வருவதே சரியானது என்று திர்மிதீயே குறிப்பிடுகிறார். தொடர் பலவீனமாக இருந்தும் அந்த விதி சட்டத்தின் முதுகெலும்பாகிவிட்டது. அறிஞர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக ஏற்று நடந்தார்கள். ஸஹீஹான 'கொல்லுங்கள்' என்பதையும் ஹனஃபிகள் அதன் பொதுவான சொல்லமைப்பில் விட்டுவிடவில்லை. போரில் பெண்களைக் கொல்ல நபியவர்கள் தடுத்ததைக் காட்டி, மார்க்கம் மாறிய பெண்ணை அந்தத் தண்டனையிலிருந்து விலக்கினார்கள். அவள் போரிடுபவள் அல்லள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால், ஆயுதம் ஏந்தாத ஆணுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.